ஒரு ஹோம் ரன்னுக்கு எத்தனை ஸ்டீல்?

1982 அக்டோபரில் அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான வேர்ல்டு சீரிஸில் இரண்டு எதிரெதிர் நம்பிக்கைகள் மோதின. மில்வாக்கி ப்ரூவர்ஸ் அந்த ஆண்டு 216 ஹோம் ரன் அடித்த அணி. அந்த ஆண்டில் வேறு எவரும் அவ்வளவு அடிக்கவில்லை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அடித்தது வெறும் 67, எல்லா அணிகளிலும் கடைசி. ஆனால் கார்டினல்ஸ் ஓடினார்கள். அந்த சீசனில் 200 பேஸ்களைத் திருடியிருந்தார்கள். ஏழாவது ஆட்டம் வரை இழுத்த தொடரில் கோப்பையை ஓடிய அணிதான் தூக்கியது.

அடி பெரிதா, ஓட்டம் பெரிதா என்ற விவாதம் எங்கே எழுந்தாலும் ஓட்டத்தின் பக்கம் நிற்பவர்கள் முதலில் எடுத்து வைப்பது இந்தத் தொடரைத்தான். ஆனால் அந்த சீசனில் இரண்டு அணிகளும் எடுத்த மொத்த ரன்களை அவர்கள் சொல்வதில்லை. ப்ரூவர்ஸ் 891, கார்டினல்ஸ் 685. இருநூறுக்கும் மேல் வித்தியாசம். கார்டினல்ஸைத் தூக்கி நிறுத்தியது புரூஸ் சட்டரின் பந்துவீச்சும், ஆஸி ஸ்மித் போன்றவர்களின் தடுப்பாட்டமும். போதாததற்கு ப்ரூவர்ஸின் முக்கியப் பந்துவீச்சாளர் ரோலி ஃபிங்கர்ஸ் காயத்தால் அந்தத் தொடரில் ஆடவே இல்லை. ஏழு ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபித்துவிடலாம். 162 ஆட்டங்களின் ரன் கணக்கு அப்படி வளையாது.

ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் சதுரமாக நான்கு பேஸ்கள், ஒன்றுக்கொன்று 90 அடி. பேட்டர் பந்தை அடித்து முதல் பேஸுக்கு ஓடுகிறார், அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது, கடைசியில் ஹோம். ஹோமைத் தொட்டால் ஒரு ரன். பந்து வேலிக்கு வெளியே போனால் ஹோம் ரன்: அடித்தவரும் அப்போது பேஸ்களில் நிற்பவர்களும் எல்லாரும் ரன்னாகிவிடுவார்கள். ஸ்டீல் என்பது பந்தை யாரும் அடிக்காதபோதே, பந்தை எறியும் பிட்சர் எறியத் தொடங்கும் கணத்தில் அடுத்த பேஸுக்குப் பாய்வது. போய்ச் சேர்ந்தால் 90 அடி இலவசம். பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் எறிந்த பந்து முந்திக்கொண்டால் அவுட்.

இந்த அவுட்டுக்கு எவ்வளவு விலை என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இருபது ஓவர் கிரிக்கெட்டில் பத்து விக்கெட்டும் 120 பந்தும் இருக்கின்றன. பல அணிகள் விக்கெட்டை மிச்சம் வைத்துவிட்டே ஆட்டத்தை முடிக்கின்றன, அதனால் ஒரு ரன் அவுட் சில நேரம் பெரிதாக வலிக்காது. பேஸ்பாலில் ஓவர் கணக்கே கிடையாது. இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்கு 27. அது தீராதவரை எத்தனை பந்து வேண்டுமானாலும் ஆடலாம். அணியின் கையில் இருக்கும் ஒரே மூலதனம் அந்த 27 அவுட்தான். ஸ்டீல் செய்யப் போய்ப் பிடிபடுகிறவர் அதில் ஒன்றைத் தொலைப்பதோடு, பேஸில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த ஓர் ஆளையும் தொலைக்கிறார்.

இதை எண்ணால் அளக்க முதலில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் லிண்ட்சே. கனடாவின் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த ஆய்வாளர். வானொலி வர்ணனையைக் கேட்டு அவருடைய தந்தை குறித்து வைத்த ஆட்டக் குறிப்புகளும் அவருக்குக் கைகொடுத்தன. 1963-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை கேட்ட கேள்வி எளிமையானது: எத்தனை அவுட் ஆகியிருக்கிறது, எந்தெந்த பேஸில் ஆள் நிற்கிறார் என்பதைப் பொறுத்து, அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக இன்னும் எத்தனை ரன் வரும்? அவுட்டுக்கு மூன்று நிலை, பேஸ்களுக்கு எட்டு நிலை, ஆக மொத்தம் 24 கட்டங்கள். பேஸ்பாலைக் கணக்கால் பார்ப்பவர்களுக்கு இன்றும் அந்த அட்டவணைதான் வாய்ப்பாடு.

2010 முதல் 2015 வரையிலான பெரிய லீக் ஆட்டங்களை வைத்துப் போட்ட அட்டவணையில் மூன்று எண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவுட் இல்லை, முதல் பேஸில் ஆள் என்றால் எதிர்பார்க்கும் ரன் 0.86. அதே ஆள் இரண்டாவது பேஸில் நின்றால் 1.10. ஒரு அவுட், பேஸில் யாருமே இல்லை என்றால் 0.25. இப்போது முதல் பேஸில் நிற்பவர் ஓடுகிறார். சேர்ந்துவிட்டால் லாபம் 0.24 ரன். பிடிபட்டால் நஷ்டம் 0.61. இழப்பு லாபத்தைப் போல இரண்டரை மடங்கு. ஆகவே நூற்றுக்கு 71 முறைக்கு மேல் தப்பித்தால்தான் இந்த வியாபாரம் கட்டுப்படியாகும். ஒரு அவுட், இரண்டு அவுட் என்று நிலை மாறினாலும் எல்லைக்கோடு 70-க்கும் 73-க்கும் நடுவில்தான் நிற்கிறது.

எல்லாச் சூழல்களையும் கலந்து சராசரி எடுத்தால் ஒரு ஸ்டீலுக்குச் சுமார் 0.2 ரன், பிடிபட்டால் சுமார் 0.4 ரன் நஷ்டம், ஒரு ஹோம் ரன்னுக்குச் சுமார் 1.4 ரன். ஆக ஒரு ஹோம் ரன் ஏழு ஸ்டீலுக்குச் சமம், அதுவும் ஒரு தடவைகூடப் பிடிபடாத ஏழு.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பழைய சாதனைப் பட்டியல்களைப் பார்த்தால் பல பெருமைகள் சுருங்குகின்றன. அதே 1982-இல் ஓக்லாண்டு அணியின் ரிக்கி ஹெண்டர்சன் 130 பேஸ் திருடினார். இன்றுவரை நவீன பேஸ்பாலில் அதை யாரும் நெருங்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு அவர் 42 முறை பிடிபட்டார், அதுவும் சாதனைதான். 130 ஸ்டீலுக்கு 26 ரன் வரவு, 42 அவுட்டுக்குப் 17 ரன் செலவு. மிச்சம் ஒன்பது ரன். ஆறேழு ஹோம் ரன்னின் மதிப்பு. அந்த ஆண்டு ப்ரூவர்ஸின் கோர்மன் தாமஸ் 39 ஹோம் ரன் அடித்தார். கணக்கில் 55 ரன்னுக்கு நெருக்கம். தாமஸின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹெண்டர்சனைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் பார்வையில் அவரைப் போல முதல் பேட்டராக இறங்கி ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர் வேறு யாரும் இல்லை. வாழ்நாளில் 1,406 ஸ்டீல், 335 முறை அவுட், 2,295 ரன். ஸ்டீலில் அவருடைய நிகர லாபம் நம் கணக்குப்படி சுமார் 147 ரன். ஆனால் இதே மனிதர் 297 ஹோம் ரன்னும் அடித்திருக்கிறார், அதன் மதிப்பு சுமார் 416 ரன். உலகம் திருடன் என்று கொண்டாடிய ஆள், திருட்டில் சேர்த்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கைச் சத்தமில்லாமல் மட்டையால் சேர்த்திருக்கிறார். அதோடு 2,190 முறை நான்கு மோசமான பந்துகளை விட்டுவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போயிருக்கிறார். முதல் பேஸுக்குப் போகாதவன் இரண்டாவதைத் திருட முடியாது அல்லவா.

பிடிபட்ட கணக்கை மறந்தால் வேறொரு அநியாயமும் நடக்கும். லூ ப்ராக் 938 ஸ்டீல், 307 முறை அவுட். டிம் ரெய்ன்ஸ் 808 ஸ்டீல், 146 முறைதான் அவுட். ரெய்ன்ஸ் 130 குறைவாகத் திருடியும் அவருடைய நிகர லாபம் நூறு ரன்னைத் தாண்டுகிறது; ப்ராக்குக்கு 65 அளவில்தான் நிற்கிறது. ஆனால் ப்ராக் புகழ் மண்டபத்துக்கு 1985-இல் முதல் வாக்கெடுப்பிலேயே போய்விட்டார். ரெய்ன்ஸ் பத்து ஆண்டுகள் காத்திருந்து, கடைசி வாய்ப்பில், 2017-இல் நுழைந்தார். வாக்களித்த விளையாட்டு எழுத்தாளர்கள் புள்ளிவிவரப் பட்டியலில் ஸ்டீல் என்ற ஒரே ஒரு பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதோடு நிறுத்திவிட்டால் கட்டுரை "ஹோம் ரன்னே வெல்லும்" என்று முடிந்துவிடும். ஆனால் சராசரிக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஹோம் ரன் தன் மதிப்பைத் தானே சுமந்து வருகிறது: பேஸில் யாருமே இல்லாவிட்டாலும் ஒரு ரன் நிச்சயம். ஸ்டீலின் மதிப்போ இன்னொருவர் கையில் இருக்கிறது. ஓடியவருக்குப் பின்னால் மட்டை பிடிக்க வருபவர் யார் என்பதைப் பொறுத்தே அந்த 90 அடிக்கு விலை. வருபவர் சிங்கிள் (அடித்தவரை முதல் பேஸ்வரை மட்டும் கொண்டுபோகும் அடி) அடிக்கும் ஆள் என்றால் இரண்டாவது பேஸில் நிற்பது தங்கம். ஒரு சிங்கிளில் ஹோமுக்கு வந்துவிடலாம். வருபவர் வேலிக்கு வெளியே அடிக்கும் ஆள் என்றால் முதல் பேஸில் நின்றால் என்ன, மூன்றாவதில் நின்றால் என்ன? பந்து வெளியே போனால் எங்கிருந்தாலும் நடந்தே வந்து சேரலாம். அவர் மட்டை பிடித்து நிற்கும்போது பேஸில் இருப்பவர் ஓடி அவுட்டானால் மட்டும் இழப்பு பெரிது.

1985 அக்டோபர் 16, லாஸ் ஏஞ்சலிஸ். மீண்டும் கார்டினல்ஸ்தான். இம்முறை அவர்கள் 314 பேஸ் திருடியிருந்தார்கள். அதில் 110 வின்ஸ் கோல்மன் என்ற புதுமுகத்துடையது. கோல்மன் அன்று ஆடவில்லை. சில நாட்களுக்கு முன் செயின்ட் லூயிஸ் மைதானத்தில் மழைத் தார்ப்பாயைத் தானாக விரிக்கும் எந்திரம் அவர் காலில் ஏறிவிட்டது. (நாட்டிலேயே வேகமான கால்களை, மெல்ல உருளும் ஓர் உருளை பிடித்துவிட்டது. பேஸ்பாலில் இப்படியெல்லாம் நடக்கும்.) நேஷனல் லீக் (பெரிய லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று, மற்றது அமெரிக்கன் லீக்) இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 5-4 என முன்னிலை. ஒரு அவுட்டுக்குப் பின் வில்லி மெக்கீ சிங்கிள் அடித்தார், இரண்டாவது பேஸைத் திருடினார். ஆஸி ஸ்மித் நடந்து முதல் பேஸுக்குப் போனார். அடுத்தவர் தரையோடு அடித்து அவுட்டானதில் இருவரும் ஆளுக்கொரு பேஸ் முன்னேறினார்கள். இரண்டு அவுட். முதல் பேஸ் காலி. வருபவர் ஜாக் கிளார்க், ஓடும் படையில் ஒரே பெரிய மட்டை. வேண்டுமென்றே நான்கு பந்தை விலக்கிப் போட்டு அவரை முதல் பேஸுக்கு அனுப்பிவிடலாம். டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா அதைச் செய்யவில்லை. டாம் நீடன்ஃப்யூயர் எறிந்த முதல் பந்தே இடப்பக்க இருக்கைகளுக்குள் போய் விழுந்தது. 7-5. கார்டினல்ஸ் வேர்ல்டு சீரிஸுக்குப் போனார்கள். அதற்கு முந்தைய ஆட்டத்தையும் முடித்து வைத்தது ஹோம் ரன்தான். அடித்தவர் எல்லாரையும் விட்டு ஆஸி ஸ்மித், தன் வாழ்நாளில் இடக்கைப் பக்கமிருந்து அதுவரை ஒன்றுகூட அடிக்காதவர்.

மெக்கீயின் அந்த ஸ்டீலை எண்ணிப் பாருங்கள். அழகான ஸ்டீல், சரியான நேரம். ஆனால் கிளார்க்கின் அடி வேலியைத் தாண்டிய பிறகு மெக்கீ எந்த பேஸில் நின்றிருந்தாலும் அதே ஒரு ரன்தான். கிளார்க் ஒரு சிங்கிள் மட்டும் அடித்திருந்தால், அல்லது பிட்சரின் கை தவறிப் பந்து கேட்சரைத் தாண்டியிருந்தால், அந்த ஸ்டீலைப் பற்றி இன்றும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மறுவருடம் நடந்தது இன்னும் தெளிவு. 1986-இல் கோல்மன் 107 திருடினார், 14 முறைதான் பிடிபட்டார். அணி மொத்தம் 262. ஓட்டத்தில் பெரிய குறை இல்லை. ஆனால் கிளார்க் கட்டைவிரல் காயத்தால் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் இல்லை, அணியின் பேட்டிங் சராசரி (பேஸ்பாலில் இது மட்டை பிடித்த முறைகளில் ஹிட் கிடைத்த விகிதம்) .264-இலிருந்து .236-க்குச் சரிந்தது, ஹோம் ரன் 87-இலிருந்து 58. ரன் 747-இலிருந்து 601-க்கு விழுந்தது. 747 என்பது லீக்கிலேயே முதல் இடம், 601 கடைசி. பேஸுக்கு வர ஆள் வேண்டும், வந்தவரை வீட்டுக்கு அழைத்துவர ஆள் வேண்டும். இரண்டும் இல்லாதபோது நடுவில் இருக்கும் ஓட்டம் தனியாக என்ன செய்யும்?

இந்த உறவைப் புரிந்துகொண்டால் நூறாண்டு வரலாறும் வரிசையாக விளங்குகிறது. டை காப் ஆடிய காலத்தில் ஒரே பந்தை அழுக்கேறி மிருதுவாகும்வரை ஆடினார்கள். பிட்சர்கள் அதில் எச்சில் தடவினார்கள். பந்து பறக்காது. 1909-இல் காப் அமெரிக்கன் லீக்கிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர். எண்ணிக்கை ஒன்பது, ஒன்பதும் பந்து மைதானத்துக்குள் கிடக்க அவர் ஓடியே சுற்றி வந்தவை. ஹோம் ரன் பேக்கர் என்று பட்டப்பெயர் வாங்கிய வீரர் எந்த சீசனிலும் 12-ஐத் தாண்டியதில்லை. ரன் அரிதான அந்தக் காலத்தில் 90 அடி உண்மையிலேயே பெரிய சொத்து. காப் 1915-இல் 96 திருடி 38 முறை பிடிபட்டது அன்றைய விலைவாசிக்கு நியாயமான வியாபாரம்.

1920-இல் எச்சில் பந்துக்குத் தடை வந்தது. அந்த ஆகஸ்டில் ரே சாப்மன் என்ற பேட்டர் தலையில் பந்து பட்டு இறந்துபோனார். பேட்டரின் கண்ணுக்குத் தெரியும்படி வெள்ளைப் பந்தை அடிக்கடி மாற்றும் வழக்கம் அதன் பின் வலுத்தது. அதே ஆண்டு நியூயார்க் யாங்கீஸுக்கு வந்த பேப் ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். மற்ற பதினைந்து அணிகளில் ஒரே ஓர் அணிதான் மொத்த அணியாகச் சேர்ந்து அதைவிட அதிகம் அடித்தது. ரூத்தைப் பார்த்து எல்லாரும் மட்டையை அடிப்பகுதியில் பிடித்து வீசத் தொடங்கினார்கள், ஸ்டீல் மெல்ல வழக்கொழிந்தது. 1950-இல் அமெரிக்கன் லீக்கின் முதல் திருடனாக வந்த டாம் டிமாஜியோவின் எண்ணிக்கை வெறும் 15. அவருடைய பாஸ்டன் ரெட் சாக்ஸ் அந்த ஆண்டு 1,027 ரன் குவித்தது. பின்னால் டெட் வில்லியம்ஸ் மட்டையோடு காத்திருக்கும்போது முன்னால் நிற்பவர் எதற்காக ஓட வேண்டும்?

பிறகு 1960-களில் பிட்சர்களின் கை ஓங்கி ரன் மறுபடி அரிதானபோது ஓட்டமும் திரும்பியது. 1962-இல் மௌரி வில்ஸ் 104 திருடி காப்பின் சாதனையை உடைத்தார். 1965 செப்டம்பர் 9 அன்று டாட்ஜர்ஸ் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் எதிரணியில் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். அன்று டாட்ஜர்ஸ் எடுத்த ஒரே ரன் எப்படி வந்தது தெரியுமா? லூ ஜான்சன் நடந்து முதல் பேஸுக்குப் போனார், அடுத்தவர் தன்னைப் பலிகொடுத்து அவரை இரண்டாவதுக்கு நகர்த்தினார், ஜான்சன் மூன்றாவதைத் திருடினார், கேட்சர் எறிந்த பந்து கையை மீறிப் போனது, ஜான்சன் ஹோமுக்கு வந்தார். ஒரு ஹிட்கூட இல்லாத ரன். எதிரணிக்கு ரன்னே கிடையாது என்று உங்கள் பிட்சர் உறுதி கொடுக்கும் நாளில் கணக்கே வேறு. அன்று வேண்டியது சராசரி ரன் இல்லை, எப்படியாவது ஒன்று.

அந்த "எப்படியாவது ஒன்று" என்பதற்கும் தனி அட்டவணை உண்டு. அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால் குறைந்தது ஒரு ரன் வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 42. இரண்டாவதில் இருந்தால் 61. ஒரு அவுட், பேஸ் காலி என்றால் 16. இந்த மூன்றையும் வைத்துப் போட்டால் கட்டுப்படியாகும் எல்லை சுமார் 58 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. மூன்றாவது இன்னிங்ஸில் முட்டாள்தனமாகத் தெரியும் ஓட்டம் ஒன்பதாவது இன்னிங்ஸில், ஒரு ரன் பின்தங்கி நிற்கும்போது, புத்திசாலித்தனம்.

2004 அக்டோபர் 17 இரவு பாஸ்டனில் நடந்தது இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம். தேய்ந்துபோனதுதான், ஆனாலும் விட மனம் வரவில்லை. யாங்கீஸுக்கு எதிராக முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற ரெட் சாக்ஸ், நான்காவதிலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 எனப் பின்னால். எறிபவர் மரியானோ ரிவேரா. கெவின் மில்லர் நடந்து முதல் பேஸுக்கு வந்ததும் அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸை இறக்கினார்கள். அவர் ஓடப்போகிறார் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து அவரை விரட்டிப் பார்த்தார். ராபர்ட்ஸ் முதல் பந்திலேயே பாய்ந்தார், மயிரிழையில் தப்பினார். பில் ம்யூலர் ஒரு சிங்கிள், ஆட்டம் சமன். ஆட்டத்தை முடித்தது பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் அடித்த ஹோம் ரன். ரெட் சாக்ஸ் அந்தத் தொடரையும் வென்று, வேர்ல்டு சீரிஸையும் வென்றது.

இதன் மறுபக்கம் 1926. வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், யாங்கீஸ் 3-2 எனப் பின்னால். முதல் பேஸில் பேப் ரூத், மட்டையில் பாப் மியூசல், அடுத்து லூ கெரிக். ரூத் ஓடினார், பிடிபட்டார், சீசனே அத்தோடு முடிந்தது. ரூத்தின் மடத்தனம் என்று நூறாண்டாகத் திட்டுகிறார்கள். இரண்டு அவுட்டோடு முதல் பேஸிலிருந்து ரன் எடுப்பது எட்டில் ஒரு வாய்ப்பு. இரண்டாவதிலிருந்து ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். நூற்றுக்கு அறுபது முறை தப்பிக்கக்கூடியவர் ஓடியிருந்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ரூத்தின் வாழ்நாள் பதிவில் 123 ஸ்டீல், 117 அவுட். யோசனை தவறில்லை, ஆள்தான் தவறு. பின்னால் மியூசலும் கெரிக்கும் காத்திருந்ததை நினைத்தால் யோசனையும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

ஓட்டப் பிரியர்களிடம் இன்னொரு வாதம் உண்டு: திருடன் முதல் பேஸில் நின்றாலே பிட்சருக்குக் கவனம் சிதறும், அதனால் பேட்டருக்கு லாபம் என்று. முதல் பேஸைக் காக்க ஒரு தடுப்பாளர் அங்கேயே ஒட்டி நிற்க வேண்டியிருப்பதால் பக்கத்தில் இடைவெளி விழுவது உண்மை. ஆனால் ஓடுபவருக்கு நேரம் கொடுக்க பேட்டர் நல்ல பந்துகளையும் விட்டுவிடுகிறார். அசைவு அவர் கண்ணையும் இழுக்கிறது. கூட்டிக் கழித்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இனி இன்றைய நிலைமை. ஆட்டத்தை எண்ணால் அளக்கும் ஆய்வாளர்கள் அணி அலுவலகங்களுக்குள் வந்தபின், 2000-களின் தொடக்கத்திலிருந்தே, எல்லைக்கோட்டைத் தாண்டாத ஓட்டக்காரர்களை நிறுத்திவிட்டார்கள். 2019-இல் மொத்த லீக்கும் 6,776 ஹோம் ரன் அடித்தது, அது சாதனை. 2021-இல் ஸ்டீல் 2,213-க்கு இறங்கியது. பார்ப்பவர்களுக்கு அலுப்புத் தட்டியது. 2023-இல் விதிகளை மாற்றினார்கள். பிட்சர் குறித்த விநாடிக்குள் எறிய வேண்டும். ஓடுபவரை விரட்ட ஒரு பேட்டருக்கு இரண்டு முறைக்கு மேல் விலகினால், மூன்றாவது முறை அவரை அவுட்டாக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு ஒரு பேஸ் இலவசம். பேஸின் பக்கம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே நாலரை அங்குலம் குறைந்தது.

நாலரை அங்குலம் என்ன பெரிது என்று கேட்கலாம். பிட்சர் அசையத் தொடங்கிப் பந்து கேட்சரைச் சேரச் சுமார் 1.3 விநாடி. கேட்சர் எழுந்து எறிந்து அது இரண்டாவது பேஸைச் சேர இரண்டு விநாடி. மொத்தம் 3.3. நல்ல ஓட்டக்காரருக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். இந்த இழுபறியில் விரல்கடை இடம் முடிவை மாற்றும். 2023-இல் ஸ்டீல் 3,503 ஆக எகிறியது. நூற்றுக்கு 80 வெற்றி, அதுவரை இல்லாத விகிதம். அடுத்த ஆண்டு 3,617.

எல்லைக்கோடு 72, வெற்றி 80 என்றால் ஸ்டீல் இப்போது மொத்தத்தில் லாபத் தொழில். ஆனால் எவ்வளவு லாபம்? 2023-ஐ நம் எண்களில் போட்டால் வரவு சுமார் 700 ரன், பிடிபட்டதில் செலவு 350 அளவில். மிச்சத்தை 30 அணிகளுக்குப் பிரித்தால் அணிக்கு 12 ரன். பத்து ரன் கூடினால் ஒரு வெற்றி கூடும் என்பது பொதுக் கணக்கு; ஆக ஒரு சீசனில் ஓட்டத்தால் சராசரி அணிக்கு ஒரு வெற்றி. அதே ஆண்டு அடிக்கப்பட்ட 5,868 ஹோம் ரன்னைப் பிரித்தால் அணிக்கு 270 ரன்னுக்கு மேல். விதி மாறியும் தராசு பெரிதாக அசையவில்லை.

மாறியது வேறொன்று. அடிப்பவன் ஒரு சாதி, ஓடுபவன் ஒரு சாதி என்ற பழைய பிரிவினை போய்விட்டது. 2023-இல் ரோனல்ட் அக்கூன்யா 41 ஹோம் ரன், 73 ஸ்டீல். 2024-இல் ஷோஹே ஒஹ்டானி 54 ஹோம் ரன், 59 ஸ்டீல். ஐம்பதுக்கு ஐம்பது என்பதை அதற்கு முன் யாரும் தொட்டதில்லை. ஒஹ்டானி அந்த ஆண்டு பிடிபட்டது நான்கே முறை. அதனால் அவருடைய ஸ்டீல் லாபம் சுமார் பத்து ரன், அதாவது ஹெண்டர்சன் 130 திருடிச் சேர்த்ததைவிட ஒரு படி மேல். காலம் வேறு, கணக்கும் தோராயம். ஆனாலும் 59 பெரிதா 130 பெரிதா என்று இனி யோசித்துத்தான் சொல்ல வேண்டும். 2025-இல் இன்னும் வேடிக்கை: லீக் சராசரியைவிட மெதுவாக ஓடும் ஹுவான் சோட்டோ 43 ஹோம் ரன்னோடு 38 பேஸ் திருடினார். லீக்கின் மிக மெதுவான கால்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரரான ஜாஷ் நேலர் 30. பிட்சரின் பழக்கத்தைப் படித்து, சரியான பந்தைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே நகர்ந்து நிற்பவருக்கு வேகம் இரண்டாம் பட்சம் ஆகிவிட்டது.

அட்டவணையில் இடம்பெறாத ஒரு செலவு மிச்சமிருக்கிறது. 2024 மே மாதம் பிட்ஸ்பர்கில் மூன்றாவது பேஸ் நோக்கி அடியெடுத்த அக்கூன்யாவின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த சீசன் அவருக்கு முடிந்தது. அதே ஆண்டு வேர்ல்டு சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தில் இரண்டாவது பேஸைத் திருடப் பாய்ந்த ஒஹ்டானியின் இடத் தோள் நழுவியது. மீதி ஆட்டங்களைத் தோளைக் காத்துக்கொண்டே ஆடினார். அப்போது டாட்ஜர்ஸ் மேலாளர், அன்று பாஸ்டனில் ரிவேராவுக்கு எதிராகப் பாய்ந்த அதே டேவ் ராபர்ட்ஸ். 2025-இல் ஒஹ்டானி பிட்சராகவும் திரும்பினார். ஹோம் ரன் 55, ஸ்டீல் 20. குறைந்துபோன 39 ஸ்டீலால் அணி இழந்தது பத்து ரன்னுக்குள். அவர் ஒரே ஒரு மாதம் காயத்தோடு உட்கார்ந்திருந்தால் ஹோம் ரன்னில் மட்டும் அதைவிட அதிகம் போயிருக்கும்.